ஐப்பசித் தூண்டில்காரர்

மீன் பிடிக்கிறவர்களில் பல வகை உண்டு. சோற்றுக்குப் பிடிப்பவர், விற்பதற்குப் பிடிப்பவர், வீட்டில் உட்கார முடியாமல் பிடிப்பவர். இவர்கள் யார்மேலும் நமக்குப் புகார் இல்லை. இங்கே சொல்ல வந்தது இன்னொரு வகையை. இவர் வெயில் காலத்தில் கண்ணில் படமாட்டார். ஐப்பசி மழை நாலு போட்டு, ஏரியில் தண்ணீர் ஏறி, விரால்கள் புதிதாகப் பொரித்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கும் சமயம் பார்த்து வந்து இறங்குவார். ஐப்பசித் தூண்டில்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

உங்கள் ஊரில் ஏரி இல்லையா? இவர் இருப்பார்.

விராலைக் குழம்பில் மட்டுமே பார்த்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான மீன்கள் முட்டை இட்டதோடு கடமை முடிந்தது என்று கிளம்பிவிடும். விரால் கிளம்பாது. அரிசியளவு இருக்கிற சிவப்புக் குஞ்சுகள் ஒரே கொத்தாக மூச்சு வாங்க மேலே வரும்போது அந்த இடத்துத் தண்ணீர் உலை கொதிப்பதுபோல் சலசலக்கும். அதற்குக் கொஞ்சம் கீழே அப்பனும் ஆத்தாளும் காவலுக்கு நிற்கும். அந்த நாட்களில் அவற்றுக்குத் தீனியில் நாட்டம் கிடையாது. இரையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் குஞ்சுகளின் தலைமேல் ஒரு தவளை விழுந்தால் போதும். பசியா, கோபமா, பயமா என்று பிரித்துப் பார்க்க அதற்கு நேரம் இருக்காது. பாய்ந்து வந்து கவ்விவிடும்.

தவளைக்குள் முள் இருக்கும்.

1991ஆம் ஆண்டு பிள்ளைப்பாக்கம் ஏரிக்கு வந்தவர் ஏகாம்பரம். டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் நாலைந்து தவளை. செருப்பை ஜோடியாகக் கழற்றி வைப்பார். பழைய செய்தித்தாளை விரித்து உட்காருவார். தவளையை முள்ளில் கோர்க்குமுன் கண்ணை மூடி "மன்னிச்சிக்கோ" என்று அதனிடமே கேட்பார். தவளை பதில் சொன்னதாகத் தகவல் இல்லை.

கொள்கை உள்ள மனிதர். குஞ்சுகளைத் தொடமாட்டார். துண்டை விரித்துக் குஞ்சுகளை அள்ள வரும் பிள்ளைகளைக் கண்டால் எழுந்தே நின்றுவிடுவார்.

"டேய், பச்சப் புள்ளைங்கடா அதுங்க! கைய வெச்சீங்க, பாவம் சும்மா வுடாது."

பிள்ளைகள் வெட்கப்பட்டுப் போய்விடுவார்கள். அவர் திரும்பி உட்கார்ந்து தாயைத் தூக்குவார். கொஞ்ச நேரம் கழித்துத் தகப்பனைத் தூக்குவார். அப்புறம் அந்தப் பச்சைப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யாராவது கேட்டால், மேலே கையைக் காட்டுவார். மேலே அந்நேரம் நீர்க்காகம் வட்டமடித்துக்கொண்டிருக்கும்.

மற்ற நாட்களில் ஏகாம்பரம் நிலத் தரகர். பம்பாயிலிருந்து ஒரு பார்ட்டி வருகிறது, சுங்குவார்சத்திரத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவே எங்கேயோ கம்பெனி போடப்போகிறது என்று அந்த ஆண்டு ஒரு பேச்சு இருந்தது. பார்ட்டியை யாரும் பார்த்ததில்லை. ஏகாம்பரத்தைத்தான் பார்த்தார்கள். அவர் யாரிடமும் "நெலம் குடுக்கிறியா?" என்று கேட்டதே இல்லை. அப்படிக் கேட்பவன் கற்றுக்குட்டி. பசியோடு இருக்கும் குடியானவன்கூட அந்தக் கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஏகாம்பரம் வாசலில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் வாங்கிக் குடித்து, செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்பார்:

"புள்ளைங்க இன்னா பண்ணுதுங்க?"

அவ்வளவுதான். அப்புறம் அவர் பேசவேண்டியதே இல்லை.

சுப்பனின் வீட்டு வாசலில் அப்படித்தான் கேட்டார். சுப்பனுக்கு ஏரிப் பாய்ச்சலில் தொண்ணூறு சென்ட் நஞ்சை. வேறு சொத்து இல்லை. ஒரே மகள் மதிவதனி. அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். காஞ்சிபுரத்தில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, அதற்கப்புறம் ஒரு பட்டதாரி வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் இருந்தாள். நாற்று நடப் போனால் "படிச்ச பொண்ணு எதுக்கு?" என்றார்கள். போகாவிட்டால் "படிச்ச திமிரு" என்றார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகவே அவளுக்கும் பட்டது.

"பொண்ணு பதினஞ்சு கிளாசு படிச்சிகீது அண்ணாத்த. கார்டு போட்டு ரெண்டு வருசம் ஆவுது. ஒரு காயிதம் வர்ல" என்றார் சுப்பன்.

"எப்படி வரும் சுப்பா? ஆளு வோணும். பம்பாய் கம்பெனில நெலம் குடுத்த வூட்டுக்கு ஒரு வேலைன்னு பேசிகினு கீறாங்க. படிச்ச பொண்ணுன்னா கேக்கவே வேணாம். ஏசி ரூமு. கம்ப்யூட்டர். காலுல மண்ணு படாது."

விலங்கியலுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. மதிவதனியும் கேட்கவில்லை. ஏசி ரூம் என்றதுமே அவளுக்கு ஒரு சுழல் நாற்காலி தெரிந்தது. அதில் தான் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. இதை இங்கே மறைப்பதில் லாபமில்லை.

அடுத்த முறை வந்தபோது அவள் "சார்" என்றாள். "பெரிப்பான்னு கூப்புடு கண்ணு" என்றார் ஏகாம்பரம். இவ்வகையினர் இரண்டாவது வருகையிலேயே உறவாகிவிடுவார்கள்.

மூன்றாவது வருகையில் ஒப்பந்தம் என்ற சொல் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமையே நல்ல நாள் என்று சுப்பன் சொல்லிவிட்டார். அன்று ஏகாம்பரம் வீட்டுக்கு வருவதற்குமுன் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டதால், "போயி பெரிப்பாவ இட்டுகினு வா" என்று மதிவதனியை அனுப்பினார்.

"அசையாத கண்ணு. உக்காரு. குஞ்சு மேல வந்துகினு கீது" என்றார் ஏகாம்பரம்.

அவள் உட்கார்ந்தாள். தண்ணீரில் ஒரு தட்டளவு இடம் சிவந்து கொதித்தது. அவர் தவளையை அதன்மேல் தூக்கிப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. இழுத்து மறுபடி போட்டார். மறுபடி. குஞ்சுகள் சிதறிச் சிதறிக் கூடின.

"பசிக்கலையோ என்னமோ" என்றாள் மதிவதனி.

ஏகாம்பரம் சிரித்தார். வாத்தியார் மாணவியைப் பார்த்துச் சிரிப்பதுபோல் அன்பான சிரிப்பு. "பசிக்கிற மீனு பாதில வுட்டுட்டுப் பூடும் கண்ணு. அது வயித்துக்காக வருது, முள்ளு குத்துனா ஓடிடும். இது அப்பிடி இல்ல. புள்ளைக்காக வர்றது வுடவே வுடாது. நாம இன்னா பண்ணணும்? புள்ளைய கொஞ்சம் கலச்சி வுடணும். அப்பறம் சும்மா இருக்கணும்."

தண்ணீர் பிளந்தது. கழி வளைந்தது. கையளவு அகலத்தில் ஒரு விரால் புல்லில் வந்து விழுந்து, வாயில் தவளையை இன்னும் விடாமல் கவ்விக்கொண்டு துள்ளியது.

தேர்வில் மீன்களின் பெற்றோர் பராமரிப்பு பற்றி மதிவதனி படம் போட்டு எழுதியிருக்கிறாள். நல்ல மதிப்பெண். அந்தப் பராமரிப்பால் யாருக்கு என்ன பயன் என்று பாடத்தில் இல்லை, அதனால் எழுதவில்லை. இப்போது அவள் விராலைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். சிவப்புக் கொத்து இன்னும் அங்கேயேதான் கொதித்துக்கொண்டிருந்தது. எதற்கு மேலே வந்தோம், யாரைப் பிடிக்க நம்மைக் கலைத்தார்கள் என்று அதற்குத் தெரியாது. நேற்றுவரை தனக்கும் தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் காது சூடானது.

வீட்டுக்கு வந்ததும் ஏகாம்பரம் மீனைச் சுப்பனின் மனைவி செல்லம்மாளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டுபோய்ப் பின்வாசலில் சாம்பல் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தாள். கூடத்தில் பாய் விரித்து, முத்திரைத்தாளையும் பேனாவையும் வைத்தார்கள். சுப்பனுக்குக் கையெழுத்துப் போட மகள்தான் கற்றுக்கொடுத்திருந்தாள்.

"நைனா, வேணாம். எனக்கு அந்த வேல வேணாம்" என்றாள்.

"நீ சும்மா இரு."

"நெசமா வேணாம். நான் டியூசன் எடுத்துக்கறேன்."

"டியூசனா? இத்தினி வருசம் படிச்சது தெருப் பசங்களுக்கு வாய்ப்பாடு சொல்லவா?" சுப்பனின் குரல் ஏறியது. "எங்காலத்துக்கு அப்பறம் உன்ன யாரு பாப்பா? இந்தச் சேத்துலயே நீயும் கெடக்கணுமா? குடு அண்ணாத்த பேனாவ!"

அவள் சொல்லச் சொல்ல அவர் வேகமானார். ஏகாம்பரம் சும்மா இருந்தார். அவர் முகத்தில் கரையில் பார்த்த அதே அமைதி.

அப்போதுதான் மதிவதனி அதைச் செய்தாள். திட்டம் போட்டுச் செய்ததாக நீங்கள் நினைக்கலாம். அவளும் பிறகு பல நாள் அப்படித்தானோ என்று யோசித்தாள்.

"பெரிப்பா, ஒங்க புள்ள இன்னா பண்றாரு?"

ஏகாம்பரத்தின் கை பேனா மூடியில் நின்றது. "யாரு, பிரசன்னாவா? பிகாம் முடிச்சான். பாத்துகினு கீறான்."

"எப்ப முடிச்சாரு?"

"அது ஆச்சி… மூணு வருசம்."

"எங்க காலேஜ் மேடம் வூட்டுக்காரரு மெட்ராஸ்ல பேங்க்ல பெரிய ஆபீசரு. பிகாம் பசங்களா பாத்து எடுக்கப் போறாங்களாம்."

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது, சொல்லி முடிக்கும்வரை உலகத்தில் இல்லாதது.

ஏகாம்பரம் பாயிலிருந்து முட்டிபோட்டு முன்னால் வந்தார். வேட்டி மடிப்பு கலைந்தது. முத்திரைத்தாளின்மேல் அவர் முட்டி இருந்ததை அவர் கவனிக்கவில்லை. "மேடம் பேரு இன்னா கண்ணு? வூடு எங்க கீது? ரொம்ப நல்ல பையன் கண்ணு அவன். வாய் பேசமாட்டான். அதான் எங்கியும் எடுக்க மாட்டேங்கறாங்க. ராத்திரில தூங்கறதே இல்ல. மோட்டுவளையப் பாத்துகினு படுத்துகினு கெடக்கறான். அவங்கம்மா அழுதுகினே கீறா. நீ ஒரு வார்த்த சொல்லு கண்ணு, நான் ஒங்கால்ல வேணா வுழறேன்."

இதுவரை அவர் கண்ணை யாரும் ஈரமாகப் பார்த்ததில்லை.

பின்வாசலிலிருந்து செல்லம்மாள், கத்தியை நிறுத்தாமல், சந்தைக்குப் போகிற பேச்சுபோலக் கேட்டாள்: "ஏன் அண்ணாத்த, அந்த பம்பாய் கம்பெனில ஒம்புள்ளைக்கு ஒண்ணு கேக்கலாமே?"

"அங்க ஏதும்மா வேல…" என்று ஆரம்பித்த ஏகாம்பரம் அங்கேயே நின்றார்.

சுப்பன் பேனாவைப் பார்த்தார். ஏகாம்பரத்தைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் தேடி எடுத்து, பொறுமையாகத் திருகி, பாயில் வைத்தார். "இன்னிக்கி ராகு காலம் வந்துரிச்சி அண்ணாத்த. அப்பறம் பாக்கலாம்" என்றார். ராகு காலத்துக்கு இன்னும் நேரம் நிறைய இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"வயிறு ஒட்டிகீது பாரு. ஒண்ணும் துன்னல போலகீது" என்றாள் செல்லம்மாள் மீனிடம்.

அந்த ஐப்பசியில் தொண்ணூறு சென்ட் கைமாறவில்லை. கதை இதோடு முடிந்தால் மதிவதனியைப் பாராட்டிவிட்டு எழுந்து போகலாம். முடியவில்லை. அடுத்த ஞாயிறு ஏகாம்பரம் தூண்டில் இல்லாமல் வந்தார். மகனின் சான்றிதழ் நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். மகனும் வந்திருந்தான். வாசலுக்கு வெளியே, வண்டியின் பக்கத்தில், தரையைப் பார்த்து நின்றான். சொன்னது சரிதான், வாய் பேசவில்லை.

"சொல்றேன் பெரிப்பா" என்றாள் மதிவதனி. வேறென்ன சொல்வாள்? பொய் என்று சொன்னால் நிலத்துப் பேச்சு திரும்ப வரும். உண்மையாக்கலாம் என்றால் மேடத்தின் கணவருக்கு அவள் யாரென்றே தெரியாது. அதற்கு அடுத்த ஞாயிறும் "சொல்றேன்" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் மலர்ந்து அடங்கியது. தன் குரலில் ஒரு பழக்கம் ஏறுவதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே உறையை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

ஆகவே இவ்வகையினரை ஏரிக்கரையில் மட்டும் தேடாதீர்கள். கல்யாண வீட்டில், ரயிலில், மருத்துவமனை வராந்தாவில், அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் "பையன் என்ன பண்றான்?" என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். அக்கறையில்தான் கேட்டிருப்பீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தகப்பன் பேச்சை நிறுத்தி, எச்சில் விழுங்கி, உங்களை நோக்கி ஓரடி முன்னால் வந்தாரே, அந்தக் கணம் உங்களுக்குள் மெல்லிதாக ஒரு சந்தோஷம் ஓடியதா?

அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள். அதுவரை நாம் சும்மா இருப்போம்.