குடைக்கம்பி விமானம்

உடைந்த குடையைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊறிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரை நாங்கள் குடைக்கம்பி சாமி என்போம். திருவனந்தபுரத்து மழைக்காற்றில் யார் குடையாவது மலர்ந்து திரும்பிக்கொண்டால், சாவு வீட்டில் துஷ்டி கேட்க வந்தவர் மாதிரி அருகில் போய் நிற்பார். "ரொம்ப சங்கடம். கம்பி வேணுமா உங்களுக்கு?" என்பார்.

சர்க்கார் ஆபீசில் படம் வரையும் பிரிவில் எனக்கு அடுத்த மேஜை அவருடையது. அவர் வரும்வரை, "கோடுன்னா உம்ம கோடு" என்று எஞ்சினீயர் புகழ்ந்தது என்னை மட்டும்தான்.

கடற்கரைப் பக்கம் விமானம் வந்து இறங்க ஆரம்பித்த வருஷம் சாமிக்குப் பித்துப் பிடித்தது. நின்றிருந்த விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை சாணால் அளந்துகொண்டே போய், காவல்காரன் துரத்தியபோதும் எண்ணிக்கை விடாமல் ஓடி வந்தவர் அவர். அதில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு விமானத்தின் உடற்கூட்டைக் குடைக்கம்பியாலேயே கட்டத் தொடங்கினார். நீளவாட்டில் நாலு கம்பி. குறுக்கே பதினோரு வளையம், வால் நெருங்க நெருங்கச் சிறுத்துக்கொண்டே போகும். துருவைச் சுரண்டி, ஒவ்வொரு சந்தியிலும் ஈயம் உருக்கிப் பற்றவைப்பார். ஒன்றைப் பற்றவைக்கும் சூட்டில் பக்கத்துச் சந்தி உருகிவிடாமல் இருக்க அதற்கு ஈரத்துணி சுற்றுவார், காய்ச்சல்காரக் குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆபீஸே அவர் வீட்டில் கூடியது. என் மனைவியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அந்த மனுஷர் கம்பியால ஆகாசக் கப்பல் கட்டறார். நீங்க கொடி கட்டினா துணியோட விழறது."

விடுவேனா? பித்தளைக் கம்பி வாங்கி நானும் ஒன்று கட்டினேன். அது வாடின முருங்கைக்காய் மாதிரி வளைந்து கிடந்தது. "வெங்காயம் போட்டு வைக்க நன்னா இருக்கும்" என்று மனைவி எடுத்துப் போனாள்.

அந்த வாரமே எஞ்சினீயர், "திங்கட்கிழமை கொண்டுவாரும், ஆபீஸ் வாசல் ஹாலில் வைக்கலாம்" என்று சாமியிடம் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் நேரே சாமி வீட்டுக்குப் போனேன். தனிக்கட்டை, காப்பி போட உள்ளே போனார். கூடு மேஜைமேல் மினுங்கியது. ஏழாவது வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினேன். ஒரு நெல்லளவு உள்ளே போயிற்று.

திரும்பி வந்தவர் ஒரு கண்ணை மூடி வால் பக்கமிருந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"ஓய், ஏழாவது சாஞ்சிருக்கு. வால்வரைக்கும் பிரிக்கணும். வாரும், பிடியும்."

சாயங்காலம் வரை குறடும் கையுமாக நின்றேன். ரெண்டு விரல் பொசுங்கியது. பிரித்த வளையங்கள் ஒவ்வொன்றாக மறுபடி ஏறின. கடைசி வளையம் நேராக நின்றபோது, நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷமே என்னைக் குத்தியது.

"சாமி, அமுக்கினது நான்தான்."

"அறியாம் ஓய், தெரியும். வளையத்துல மசி ஒட்டியிருந்துதே. கட்டைவிரல்ல மசியோட அலையறவர் நீர் ஒருத்தர்தானே?"

"பின்னே ஏன் கேக்கலை?"

"கேட்டா நீர் கோவிச்சுண்டு போயிடுவீர். அப்புறம் குறடு பிடிக்க ஆர் இருக்கா?"

திங்கட்கிழமை எஞ்சினீயர் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பலே! தனியா செய்ததோ?"

"இல்லை சார்," என்று சாமி என்னைக் காட்டினார். "இவரும் நானும். நேரா நிக்கறதுன்னா, அது இவர் பிடிச்ச பிடி."

எஞ்சினீயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொசுங்கிய விரல் சுரீர் என்றது. பெருந்தன்மையில்கூட இந்த ஆள் நம்மை முந்திவிட்டாரே என்று அப்போதும் பொறாமைதான் வந்தது.

அன்று ஆபீஸ் விட்டதும் சாமியோடு பேசிக்கொண்டே தம்பானூரில் அவர் வீட்டு வாசல்வரை நடந்தேன். என் வீடு எதிர்த்திசையில் இருந்தது.