நிபுணர் குழுவுக்கு மல்லிகை மாலை

எல்லாவற்றையும் சந்தேகிப்பவனே விஞ்ஞானி. அந்த வகையில், எங்கள் 'பூச்சிமருந்துப் பாதுகாப்பு நிபுணர் குழு'வுக்கு இணையான விஞ்ஞானக் கூட்டம் திண்டுக்கல் சீமையிலேயே கிடையாது. மூன்று வருடமாகச் சந்தேகித்துக்கொண்டே இருக்கிறோம். குழுவின் செயலாளன் என்ற முறையில் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

நிலக்கோட்டை மல்லிகைத் தோட்டங்களில் அடிக்கும் ஒரு புது மருந்து, பூப்பறிப்பவர்களுக்குக் கெடுதலா இல்லையா? சென்ற வாரம் ஏசி அறையில் கூடி இதை 'ஆழ்ந்து பரிசீலித்தோம்'. பூப்பறிக்கும் சோலையம்மாள் வந்து இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். விரலெல்லாம் கொப்புளம்.

"இந்தக் கைய வச்சுச் சோறள்ளித் திங்க முடியலைய்யா. பறிக்கப் போகாட்டிச் சோறே இல்ல. அந்த மருந்த நிறுத்தச் சொல்லுங்க."

தலைவர் டாக்டர் சிவபிரகாஷ் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டு பார்த்தார். "வெயில்லகூட இப்படி வரும்மா."

"விடியுமுன்னே பறிக்கிறோம். அந்நேரம் ஏதுய்யா வெயிலு?"

"அப்ப பனியா இருக்கலாம்." விஞ்ஞானம் எந்தச் சாத்தியத்தையும் ஒதுக்குவதில்லை. "எலிக்குக் குடுத்துப் பார்த்ததுல ஒண்ணும் ஆகலையே!"

"அந்த எலி பூப்பறிச்சுச்சாய்யா?"

இக்கேள்வி ஆய்வு வரம்புக்குள் வராது என்று நான் பணிவுடன் சுட்டிக்காட்டினேன்.

"சரி, என்னா ஏதுன்னு தெரியிற வரைக்குமாச்சும் நிறுத்தி வைக்கலாம்ல?"

குழுவே திடுக்கிட்டது. வெறும் சந்தேகத்தை வைத்து ஒரு மருந்தைத் தண்டிப்பதா? 'தீங்கு ஐயமற நிரூபிக்கப்படாததால் மருந்து தொடரலாம். மேலும் ஆய்வு தேவை' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒரு மருந்தின் மானத்தைக் காப்பாற்றிய நிம்மதியில் பேகம்பூர் பிரியாணியும் நன்றாகவே இறங்கியது. சோலையம்மாள் வாசலோரம் நின்றிருந்தார்.

முடிவைக் கேட்க வந்திருந்த தோட்ட உரிமையாளர் நல்லுசாமிக்கு ஏகச் சந்தோஷம். எங்கள் ஐந்து பேருக்கும் மல்லிகை மாலை போட்டார். பெரிய மனிதர்களை வெறுங்கழுத்தோடு அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை.

"எல்லாம் நம்ம தோட்டத்துப் பூவுங்கய்யா. நேத்துப் பொழுதுசாயத்தான் அந்த மருந்த அடிச்சேன். ஒரு புழு இருந்தாச் சொல்லுங்க!"

தலைவர் மாலையில் படாமல் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். நாங்களும் தூக்கினோம்.

"ஒண்ணும் செய்யாதுங்கய்யா. நீங்கதானே இப்பச் சொன்னீக?"

"செய்யாதுன்னு யாருய்யா சொன்னது? செய்யும்னு நிரூபணம் ஆகலைன்னுதான் சொன்னோம். தெரியாதப்ப எதுக்கு ரிஸ்க்கு?"

எப்பேர்ப்பட்ட முன்னெச்சரிக்கை! கேட்டு எனக்குப் புல்லரித்தது. அல்லது அதுவும் மாலையின் வேலையோ என்று பயந்தேன். கழற்றியாக வேண்டும். ஆனால் தொடுவது யார்?

தலைவர் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "சோலையம்மா, செத்த வந்து இதக் கழட்டி விடும்மா."

அவர் வந்தார். கொப்புளம் வெடித்த விரல்களால் ஒவ்வொரு மாலையாகக் கழற்றினார். எல்லாவற்றையும் சந்தேகிக்கும் எங்கள் ஐவரில் ஒருவருக்கும் இதில் மட்டும் துளிகூடச் சந்தேகம் வரவில்லை.