வயசு டெய்லர் சொன்ன சாட்சி

வயசு டெய்லர் இருந்தவரை தென்காசியில் மனிதர்கள் தங்கள் வயதை மறைக்கலாம். அவர்கள் கட்டியிருந்த துணியின் வயதை மறைக்க முடியாது.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும் என்று நினைக்கிறேன். கோயில் வாசலுக்கு எதிரே ஒரு மிஷினும் ஒரு ஸ்டூலுமாகக் கடை. எந்தத் துணியைக் கொடுத்தாலும் முதலில் கன்னத்தில் தேய்ப்பார். பிறகு வெயிலில் பிடித்து இழை எண்ணுவார். ஓர் இழையை உருவி, தீக்குச்சியில் பொசுக்கி, மோந்து பார்ப்பார். அப்புறம் வயதைச் சொல்வார், தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி.

கீழப்பாவூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வைத்து நீட்டிய 'புது'க் கூறைப் பட்டைக் கூட்டத்தோடு கூட்டமாக அவரும் தொட்டுப் பார்த்தார். "நல்ல பட்டு. மாப்பிள்ளையைவிட மூணு வயசு மூப்பு" என்றார். தாலி கட்ட ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. குற்றாலம் சீசனில் அருவிக்கரைப் பாறைகளில் காயும் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். "ஏழு... பதினொண்ணு... இதுக்குப் பென்ஷன் குடுத்துரலாம்." துண்டுக்குச் சொந்தக்காரர் அங்கேயேதான் ஈரத்தோடு நின்றுகொண்டிருப்பார்.

அந்த நாளில் நான் வக்கீல். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள், அன்றைக்கும் சிரித்தார்கள். சீனியர் ஊரில் இல்லாத ஒரு நாளில், சுரண்டைப் பண்ணையார் ஒருவர் வேறு வழியில்லாமல் என்னிடம் வந்து சேர்ந்தார்.

விஷயம் இதுதான். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து குற்றாலத்துப் பங்களாவைச் சாமான்களோடு பண்ணையார் வாங்கியிருந்தார். துரை கொடுத்த சாமான் ஜாபிதாவில் 'கையால் தைத்த ஒட்டுப் போர்வை, மிகப் பழையது, ஒன்று' என்று கண்டிருந்தது. போர்வையைக் காணோம். ஒன்றேகால் வருஷம் கழித்து, துரை வீட்டில் ஆயாவாக இருந்த ஞானம்மாளின் வடகரை வீட்டு வேலியில் ஓர் ஒட்டுப் போர்வை காய்ந்துகொண்டிருந்ததைப் பண்ணையாரின் ஆள் பார்த்துவிட்டான். திருட்டுக் கேஸ் என்றார் பண்ணையார். பேறுகாலத்துக்கு வந்திருக்கிற மகளுக்காக, துரைசானி கொடுத்த துணித் துண்டுகளையும் ஊரில் கேட்டு வாங்கிய துண்டுகளையும் சேர்த்துத் தானே தைத்தது என்றாள் ஞானம்மாள். கேஸ் ருசுவானால் அவளுக்கு ஜெயில். மகளுக்குப் பக்கத்தில் இருக்க வேறு ஆள் கிடையாது.

ஆக எல்லாம் ஒரே கேள்வியில் நின்றது: போர்வைக்கு வயது என்ன? கிழடு என்றால் துரையுடையது; குட்டி என்றால் ஆயாவுடையது. சாயம் போய், நைந்து, பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்த அந்தப் போர்வை கிழடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதைச் சொல்ல வயசு டெய்லரைவிட நல்ல சாட்சி ஜில்லாவில் உண்டா? நேரே கடைக்குப் போனேன்.

"வேண்டாம் வக்கீலய்யா. வேற ஆளைப் பாருங்க" என்றார். அடக்கம் என்று நினைத்தேன். மறுநாளும் போனேன். கூண்டில் ஏறினால் தனக்குப் பொய் வராது என்றார். அதனால்தான் நீர் வேண்டும் என்றேன். மூன்றாம் நாள் சம்மன் அனுப்பினேன். என் வக்கீல் வாழ்க்கையில் நான் ஊக்கத்தோடு செய்த காரியம் அது ஒன்றுதான்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் டெய்லரின் வாடிக்கைக்காரர்கள். ஞானம்மாள் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி நின்றாள். டெய்லர் போர்வையைக் கன்னத்தில் தேய்த்தார்.

பூப்போட்ட துண்டுக்கு வயது கேட்டேன். அறுபதுக்குக் குறையாது, சீமையில் கையால் அச்சுப் போட்டது என்றார். ஊதாவுக்கு நாற்பது. பண்ணையார் மீசையைத் தடவினார். ஞானம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அங்கேயே நான் உட்கார்ந்திருந்தால் இன்று ஜில்லா ஜட்ஜாக இருப்பேன்; இந்தப் பத்திரிகையின் வாசகர்களும் தப்பித்திருப்பார்கள். நான் உட்காரவில்லை.

"ஆக, போர்வைக்கு வயது அறுபது."

அவருக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. "அதெப்படி அய்யா? பழைய செங்கலை வச்சு நேத்துக் கட்டுன சுவருக்கு வயசு ஒரு நாளுதான். உள்ளதுலயே எளசு எதுவோ, அதுக்குப் பெறவுதான போர்வையைத் தச்சிருக்க முடியும்?"

"சரி, உள்ளதிலேயே இளசு எது?"

டெய்லர் போர்வையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற வாடிக்கைக்காரர்களைப் பார்த்தார். கடைசியாக ஞானம்மாளைப் பார்த்தார்.

"நடுவுல இருக்க கறுப்பு."

"அதன் வயது?"

"பதிமூணு மாசம்."

"அவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும்?"

"அய்யா போட்டிருக்க கோட்டுத் துணியில வெட்டுனது. நாந்தான் வெட்டுனேன். ஆயாம்மா கேட்டாக, குடுத்தேன்."

அந்தக் கோட்டு அக்குளில் பிடித்ததால் ஒரு வருஷமாக நான் ராத்திரிச் சோற்றை விட்டிருந்தேன்.

கறுப்பைப் பிற்பாடு ஒட்டியிருக்கலாம் அல்லவா என்று முனகினேன். அவர் போர்வையை விரித்துக் காட்டினார். "தையலு கறுப்புல கெளம்பி, சுத்திச் சுத்தி ஓரத்துக்குப் போகுது. இங்கன எங்கயாவது பிரிச்ச ஊசித் துளை இருக்கா, பாருங்க. ஆத்துக் கல்லுல அடிச்சு அடிச்சு நைஞ்சிருக்கு, அம்புட்டுதான்."

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நான் கோட்டுத் தைத்தது முந்தின வருஷம் ஆனியில். துரை கப்பலேறியது அதற்கு நாலு மாசம் முந்தி, மாசியில். துரை போன பிறகு வெட்டிய துணி, துரை விற்ற போர்வைக்குள் எப்படி நுழைந்தது என்று வக்கீல் விளக்குவாரா என்று கேட்டார். வக்கீல் கோட்டின் அக்குளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் தலைமைக் குமாஸ்தா எட்டிப் பார்த்து, "அந்தப் பச்சை எங்க வீட்டு ரவிக்கை இல்லியாவே?" என்றார். டெய்லர் தலையாட்டினார். உண்மை சொல்ல ஒருமுறை வாயைத் திறந்தால் அவரால் மூட முடியாது. "எசமான் வீட்டுச் சின்னப் பாப்பா பாவாடையும் இருக்கு. அந்தா, ஓரத்துல மஞ்சள்."

மாஜிஸ்திரேட் குனிந்து மஞ்சளைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கேஸைத் தள்ளுபடி செய்தார். தன் குடும்பத்துப் போர்வையை எந்த துரைசானியும் பண்ணையார் காலில் போர்த்திக்கொள்ள விட்டுவிட்டுக் கப்பலேற மாட்டாள், கையோடு கொண்டுபோயிருப்பாள் என்றும் சேர்த்துச் சொன்னார். ஞானம்மாள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, ஜனம் அம்மன் சப்பரத்துக்கு விலகுகிற மாதிரி விலகி வழிவிட்டது.

டெய்லர் இரண்டு நாள் கடை திறக்கவில்லை. துணி திருடினேன் என்று கோர்ட்டிலேயே ஒப்புக்கொண்டவனிடம் யார் இனிமேல் துணி கொடுப்பார்கள் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டாராம். மூன்றாம் நாள் திறந்தார். வாசலில் கூட்டம். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று கத்தரிக்கோலை ஒளித்து வைத்தாராம். வந்தவர்களுக்கு வேறு குறை. "ஏன் அண்ணாச்சி, ஊருல எல்லார் வீட்டுத் துணியும் அதுல இருக்காமே, எங்க வீட்டுது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

வடகரையில் பெண் குழந்தை பிறந்ததாகக் கேள்விப்பட்டேன். என் கோட்டின் மேல்தான் அது தூங்குகிறது என்று நினைத்தபோது, தோற்ற கேஸுகளில் இது ஒன்றாவது உருப்படியான கேஸ் என்று பட்டது.

அந்த வருஷமே எனக்கு இன்னொரு கோட்டு வேண்டியிருந்தது. ஜவுளிக்கடையில் வழக்கமான அளவுக்கு மேல் அரை கஜம் கூட்டி வெட்டச் சொன்னேன். வயசு டெய்லரிடம் கொடுக்கும்போது அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் அளந்து பார்க்கவில்லை.