சன்னலுக்குப் போய் வந்த கட்டில்

மரியதாஸ் எழுந்தான். ஸ்டவ்வைப் பற்ற வைத்தான். பாலை அடுப்பில் ஏற்றினான். பால் பொங்கி வழிந்தது. துடைத்தான். மகள் சாந்தாமேரிக்கு இரட்டைச் சடை பின்னினான். ஒரு சடை காதுக்கு மேலே ஆரம்பித்தது. இன்னொன்று காதுக்குக் கீழே. தூளியில் கிடந்த சேகரை எடுத்து ஈரத்துணியை மாற்றி, திரும்பவும் தூளியில் போட்டான். சேகர் தூளியின் மறுபக்கமாக இறங்கி நடந்து போனான்.

சன்னலைத் திறந்தான். நாகலூர் காப்பித் தோட்டத்தின் மேலிருந்து மூடுபனி எழுந்து, சவுக்கு மரங்களைத் தாண்டி, வீட்டுக்குள் வந்தது. சன்னலை மூடினான். பனி உள்ளேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு நேரம் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தான். சுவரில் ஒன்றும் இல்லை. அதனால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"அப்பா."

சாந்தா எதிரில் நின்றாள். ஆறு வயது. இடுப்பில் இரண்டு கையும் இருந்தன.

"கட்டில் இங்க இருக்கக் கூடாது. சன்னல்கிட்ட போடோணும்."

"ஏன்?"

"அம்மா சொல்லுச்சு."

மரியதாஸ் சுவரிலிருந்து கண்ணை எடுத்தான்.

"எப்போ சொன்னா?"

"ஆஸ்பத்திரியில."

அவன் மனைவி ஞானசுந்தரி ஆடி மழையில் காய்ச்சலாகப் படுத்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் ஊசி மருந்து வாங்கிவர அவன் சேலத்துக்கு இறங்கினான். திரும்பும்போது மலை முழுக்கப் பனி. பஸ் ஒரு லாரியின் பின்னால் நடந்து வந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை. கட்டிலில் அவள் கையைப் பிடித்தபடி சாந்தா உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பாவாயி சேகரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கடைசியாக அவள் ஏதாவது சொன்னாளா என்று அவன் யாரையும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இப்போது இவளாகவே சொல்கிறாள்.

"சன்னல்கிட்டயா?" என்றான்.

"ஆமா."

எழுந்தான்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டருக்குக் கொடுக்கிற வீடு அது. ஒரு அறை. பின்னால் சமையலறை. முன்னால் தகரம் போட்ட வராந்தா. அறைக்குள் ஒரு இரும்புக் கட்டில், ஞானசுந்தரியோடு வந்த மரபீரோ, ஒரு டிரங்குப் பெட்டி, விட்டத்தில் தூளி. நாலு பேர் இருந்தபோது இடம் போதுமானதாக இருந்தது. மூன்று பேரானதும் போதவில்லை. ஏனென்று அவனுக்குப் புரியவில்லை. அவன் படித்தது பி.எஸ்ஸி. கணிதம்.

சன்னலடியில் பீரோ இருந்தது. கட்டில் அங்கே போகவேண்டுமென்றால் பீரோ வேறெங்காவது போகவேண்டும். பாவாயியைக் கூப்பிட்டான். வாழவந்தியில் பிறந்து, எஸ்டேட் வாட்ச்மேனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். சரிவிலிருந்து ஒரு கட்டு விறகைத் தலையில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறி வருவாள்.

"அந்தப் பக்கம் புடிங்க ரைட்டரே."

"புடிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"அப்புடீங்களா? எனக்குத் தெரியலீங்களே."

பீரோ சமையலறைச் சுவரோரம் போனது. கட்டில் சன்னலுக்குப் போனது. அன்றிரவு சன்னல் இடுக்கு வழியாகப் பனி வந்து போர்வைக்கு மேல் இன்னொரு போர்வையாகப் படுத்துக்கொண்டது. சாந்தாவும் அவனும் ஒரு மேகத்தின் மேல் தூங்கினார்கள்.

காலையில் பால் காய்ச்சப் போனபோதுதான் தெரிந்தது. பீரோ சமையலறை வாசலில் பாதியை மறைத்திருந்தது. சாந்தா ஒருக்களித்து நுழைந்தாள். சேகர் நேராகவே நுழைந்தான். மரியதாஸ் நுழையவில்லை.

பால் சொம்போடு முன்வாசலில் இறங்கினான். பாவாயி வீட்டு வாசலைத் தாண்டி, அவள் ஆடுகளைத் தாண்டி, பின்கதவு வழியாகத் தன் சமையலறைக்குப் போனான். காப்பியோடு அதே வழியில் திரும்பி வந்தான். காப்பி ஆறிவிட்டது. ஒரு ஆடும் கூடவே வந்துவிட்டது.

இப்படியே அந்த வாரம் போனது.

"ஏனுங்க ரைட்டரே," என்றாள் பாவாயி, "சமையக்கட்டுக்குக் கெளம்பிட்டீங்களா? பஸ் கிஸ் புடிக்கோணுங்களா?"

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தான். இங்கிருந்து அந்தச் சுவர் தெரியவில்லை. வேறு சுவர் தெரிந்தது. அதுவும் பரவாயில்லை.

"அப்பா."

"என்ன கண்ணு?"

"பீரோவ வராந்தாவுல வெக்கோணும்னு அம்மா சொல்லுச்சு."

"வராந்தாவிலா? அவளோட பீரோவையா?"

"ஆமா. ஊட்டுக்குள்ள வெளையாட எடம் வேணுமாம்."

அது அவள் சொல்லக்கூடியதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. உடனே எழுந்தான். பாவாயி கூப்பிடாமலே வந்து நின்றாள்.

"இன்னைக்கு எங்கீங்க பயணம்?"

"வராந்தாவுக்கு."

"போற எடத்துலயாச்சும் நல்லா இருக்கட்டும்," என்று பீரோவைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தூக்கினாள்.

அறை பெரிதாகிவிட்டது. சேகர் நடுவில் நின்று, இவ்வளவு இடமா என்று சுற்றிச்சுற்றிப் பார்த்துத் தலை கிறுகிறுத்து விழுந்தான். சாந்தா சிரித்தாள். மரியதாசுக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது. பழக்கம் விட்டுப்போனதால் அதற்கு மேல் வரவில்லை.

வராந்தாவில் பீரோவுக்குப் பனி பிடித்தது. மரம் உப்பி, கதவு மூடவில்லை. உள்ளே இருந்த துணியெல்லாம் நமுத்துப்போனது. பாவாயி ஒண்டிக்கடைச் சந்தையில் புதிதாக வாங்கி, கூடையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்த சிவப்புக் கோழி ஒன்று திறந்த கதவைப் பார்த்தது. கீழ்த்தட்டில் ஏறி அவனுடைய வெள்ளைச் சட்டைகளின் மேல் உட்கார்ந்து பார்த்தது. பிடித்துப்போயிற்று.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அவனருகில் வந்து மூக்கைச் சுருக்கினார்.

"என்னய்யா, சட்டையில காளான் போட்டிருக்கியா?"

அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். கட்டில் முழுதாகக் கிறீச்சிடக்கூட இல்லை.

"அப்பா."

இந்த முறை அவன் முகத்தைத் தூக்கி ஆவலாகவே பார்த்தான்.

"ஊட்டுக்குள்ளயே கொடி கட்டி துணி காயப் போடோணும்னு சொல்லுச்சு."

"அம்மாவா?"

"அம்மாதான்."

"வேற என்னெல்லாம் சொன்னா சாந்தா?"

அவள் விட்டத்தைப் பார்த்து யோசித்தாள். "நொம்ப சொல்லுச்சு. ஞாபகம் வர வர சொல்றேன்."

இன்னும் இருக்கிறது. ஞானசுந்தரி பேசி முடிக்கவில்லை. கயிறு எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினான்.

சன்னல் கம்பியிலிருந்து விட்டத்துக்கு, விட்டத்திலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து திரும்பவும் சன்னலுக்கு. பீரோவில் இருந்ததையெல்லாம் காயப் போட்டான். கீழே குமுட்டி அடுப்பில் கரி போட்டு வைத்தான். துணியிலிருந்து ஆவி எழுந்தது. சன்னலிலிருந்து பனி வந்தது. இரண்டும் நடுவில் சந்தித்துக்கொண்டன. எதிரே இருப்பவர் தெரியவில்லை. ஒரே அறையுள்ள வீட்டில் சேகர் தொலைந்து போனான்.

"சேகரு!"

"தம்பீ!"

பாவாயியும் வந்து தேடினாள். "கடைசியா எந்த வேட்டிக்குப் பக்கத்துல பாத்தீங்க?"

மரியதாஸ் துணிகளை விலக்கி விலக்கி நடந்தான். நாலெட்டில் முடிகிற அறை போகப்போக நீண்டது. ஒரு போர்வை. ஒரு பாவாடை. அதற்கப்பால் நீலப் புடவை. பீரோவிலிருந்து மற்றதோடு சேர்த்து அவனேதான் எடுத்துப் போட்டிருக்க வேண்டும். ஆவியில் அது மெதுவாக மூச்சு விடுவதுபோல் அசைந்தது. அவன் நின்றான். அவள் நின்றால் அந்தப் புடவை எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

புடவைக்குள்ளிருந்து சேகர் தும்மினான். முந்தானையைச் சுற்றிக்கொண்டு அடியிலேயே தூங்கியிருந்தான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். வெகுநேரம் எழவில்லை. பாவாயி குமுட்டி அடுப்பை வெளியே எடுத்துப் போனாள். போகும்போது சாந்தாவைப் பார்த்தாள். சாந்தா தலையைச் சொறிந்தாள்.

"அப்பா. ஊஞ்சல் கட்டோணுமாம்."

"ஊஞ்சலா?"

"தம்பி தொலையாம ஒரே எடத்துல இருப்பானாம். அம்மா சொல்லுச்சு."

கொடிகளை அவிழ்த்தான். அதே கயிற்றில் ஊஞ்சல் கட்டினான். பலகை கட்டிலின் தலைமாட்டில் இடித்தது. கட்டிலைச் சுவரோடு ஒட்டித் தள்ளினான். சேகர் ஆடினான். சாந்தா ஆடினாள். பலகையைச் சோதிப்பதற்காக மரியதாஸ் உட்கார்ந்தான். சோதிப்பதற்காகக் காலால் ஒரு உந்து உந்தினான். சன்னலும் பனியும் அருகே வந்தன, விலகிப் போயின, அருகே வந்தன. எடையே இல்லாத மாதிரி இருந்தது.

விட்டம் முனகியது. கட்டிலுக்கு நேர் மேலே ஓடுகள் சரிந்து வெளியே விழுந்தன.

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பனி இனிச் சன்னலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நேராகவே இறங்கியது. அதன் பின்னால் மழையும் இறங்கியது.

"கட்டில நகத்துங்க!" என்று பாவாயி ஓடி வந்தாள்.

கட்டில் உள்சுவருக்கு ஓடியது. ஓட்டைக்கு அடியில் அண்டா வைத்தார்கள். சாரல் வராந்தாவில் ஏறி பீரோவை நனைத்தது. பீரோவையும் உள்ளே கொண்டுவர வேண்டும். மரியதாஸ் கதவைத் திறந்தான். கீழ்த்தட்டில் சிவப்புக் கோழி சிலிர்த்துக்கொண்டு அவனை முறைத்தது.

"அடைக்கு உக்காந்திருக்குதுங்க," என்றாள் பாவாயி. "எழுப்பப்படாது. அதோடயே தூக்குங்க."

கோழியோடு தூக்கினார்கள். கோழி பல்லக்கில் வருவதுபோல் வந்தது. வைக்க வேறு இடமில்லாமல் சன்னலடியில் வைத்தார்கள். பாவாயி கோழிக்குத் தீனி கொண்டுவரத் தன் வீட்டுக்குப் போனாள்.

மரியதாஸ் ஈரத்தோடு நின்று அறையைப் பார்த்தான். உள்சுவரோரம் கட்டில். சன்னலடியில் பீரோ. எல்லாம் எங்கே கிளம்பியதோ அங்கேயே வந்து நின்றிருந்தது. கூடுதலாக ஒரு ஓட்டையும் ஒரு கோழியும்.

கட்டிலில் உட்கார்ந்தான். பழைய சுவர் எதிரில் இருந்தது.

"அப்பா."

சாந்தாவின் குரல் களைத்திருந்தது.

"கோழிக்குத் தண்ணி வெக்கோணும்னு அம்மா சொல்லுச்சு."

அவன் பாதி எழுந்தான். பாதியில் நின்றான்.

"இந்தக் கோழிக்கா?"

"ஆமா."

"இது அம்மா போனப்புறம் வந்த கோழி சாந்தா. அம்மாவுக்கு இதைத் தெரியாதே."

சாந்தா கோழியைப் பார்த்தாள். கோழி வேறு பக்கம் பார்த்தது.

"அப்ப கட்டில்? பீரோ?"

அவள் பாவாடை நுனியை முறுக்கினாள்.

"கொடி? ஊஞ்சல்? எதையுமே அம்மா சொல்லலையா?"

அவள் உதடு பிதுங்கியது. தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினாள்.

மரியதாஸ் திரும்பவும் உட்கார்ந்தான். கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்டாவில் சொட்டுச்சொட்டாக விழும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வாரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் ஞானசுந்தரியின் பேச்சே இல்லை. அந்த பஸ் இன்னும் பனியில் லாரிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருக்கிறது.

முறத்தில் கம்போடு பாவாயி வந்தாள். அழுதுகொண்டிருந்த சாந்தாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"என்னாச்சுங்க?"

"பாவாயிக்கா, அன்னைக்கு நீங்க அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேனுங்க."

"இவ நாலு வாரமா 'அம்மா சொல்லுச்சு, அம்மா சொல்லுச்சு'ன்னு வீட்டையே புரட்டிட்டா. எல்லாம் பொய்."

"கட்டில் பீரோன்னெல்லாம் சாந்தா அம்மா ஒண்ணும் சொல்லலீங்க. அதெல்லாம் பேசற தெம்பு எங்க இருந்துச்சு? சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்."

அவன் திரும்பினான்.

"சொன்னாளா? இத்தன நாளா ஏன் சொல்லல நீங்க?"

"நீங்க கேக்கலீங்களே. அதுவுமில்லாம, அது உங்ககிட்டச் சொன்னதில்லீங்க. இவகிட்டச் சொன்னது."

பாவாயி கம்பைக் கோழியின் முன்னால் கொட்டினாள். முந்தானையால் சாந்தாவின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"இவ கையப் புடிச்சுக்கிட்டு, 'அப்பாவச் சும்மா ஒக்கார உட்றாத கண்ணு. ஒக்காந்தா எந்திரிக்க மாட்டாரு. எதாச்சும் ஒரு வேலையச் சொல்லி எழுப்பி உட்டுக்கிட்டே இரு'ன்னுச்சுங்க."