இசக்கிக்கு நான் எழுதிய பரீட்சை

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் வேறு எதற்கும் பேர் வாங்காத என்னை, "ஏலே, உன் கையெழுத்துக்கே அஞ்சு மார்க் போடலாம்லே" என்று வாத்தியார்மார் சொல்லிச் சொல்லியே கெடுத்துவிட்டார்கள். (அந்த அஞ்சு மார்க்கும் இல்லையென்றால் நான் பன்னிரண்டாம் வகுப்பு பாஸே கிடையாது.) அதற்குமேல் படிப்பு ஏறவில்லை. திருநெல்வேலியில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டேன். சோம்பேறிப் பையன்களுக்கு ரெக்கார்டு நோட்டு எழுதிக் கொடுப்பது பக்கத் தொழில். என் எழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு பேராசிரியர் கடைக்கே வந்து பாராட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கல்லூரிக்கு வரலாறு படிக்க வந்தவள்தான் இசக்கி. பிறவியிலிருந்தே இரண்டு கண்ணும் தெரியாது. சீவலப்பேரியிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் அவளை அவள் அம்மா பேச்சியம்மாள் கூட்டிவருவாள். மகளை வகுப்பில் விட்டுவிட்டு, கல்லூரி வாசலில் இருக்கும் வாகை மரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாள். வயல் வேலைக்குப் போகிறவள். ஊரில் நடவு நடக்கும்போதும் அவள் இங்கே மரத்தடியில்தான் இருந்தாள். இடையிடையே என் கடைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள்.

கல்லூரி விடுதியில் இடம் கேட்டிருந்தார்கள். "முதல் செமஸ்டர்ல எல்லாப் பேப்பரும் பாஸாகட்டும், அடுத்த மாசமே தாரோம்" என்று பதில் வந்திருந்தது. அந்தப் பதிலை ஜெராக்ஸ் எடுக்க வந்த அன்று இசக்கி என்னிடம் சொன்னாள்:

"எங்கம்மைய இந்த மரத்தடியில இருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பணும்ணே. அதுக்காவது எல்லாத்துலயும் பாஸாகணும்."

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவளுக்கான காகித வேலையெல்லாம் என் பொறுப்பு என்று அறிவித்துவிட்டேன். ஊனச் சான்றிதழ் நகல், பரீட்சையில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டு ஒரு மனு, அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஆள் கேட்டு ஒரு மனு, எல்லாம் என் கைப்படத்தான். அலுவலகத்தில் அதை வாங்கிய கிளார்க்கு, "மனுவா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எழுதுவதற்கு இசக்கியின் சித்தி மகள் வந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளை. அதன் எழுத்தை ஒருநாள் பார்த்தேன். கோழி கிண்டியது போல இருந்தது. 'ஐயோ பாவம், இவ்வளவு படித்த பெண்ணுக்கு இப்படி ஒரு எழுத்தா' என்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நாலு பேப்பர் அந்தப் பிள்ளை எழுதியது. கடைசிப் பேப்பருக்கு முந்தின நாள் அதற்கு அம்மை போட்டுவிட்டது. (சந்தோஷப்பட்டேன் என்று சொன்னால் அடிப்பீர்கள். கொஞ்சம் பட்டேன்.)

எழுத வருகிறவர் பரீட்சை எழுதுகிறவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. என் வாழ்க்கையில் குறைந்த படிப்புக்காக எனக்குக் கிடைத்த ஒரே தகுதி அதுதான். "நான் வாரேன்" என்று குதித்தேன்.

"ஒரு அரைமணி நேரம் எழுதிப் பாப்பமாண்ணே? நான் கொஞ்சம் வேகமாச் சொல்லுவேன்" என்றாள் இசக்கி.

"எனக்கா பழக்கம் வேணும்? வருஷத்துக்கு நூறு ரெக்கார்டு நோட்டு எழுதுதேன் தாயி. நீ போய் நிம்மதியாப் படி."

அந்த அரைமணி நேரத்தை அன்றைக்கு நான் கொடுத்திருக்கலாம். இதை எழுதும்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

மறுநாள் தனியறையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்கள். மேற்பார்வைக்கு ஒரு வயதான அம்மா. நான் கறுப்புப் பேனா, நீலப் பேனா, பென்சில், ஸ்கேல் எல்லாம் மேஜையில் அடுக்கினேன். விடைத்தாளை வாங்கியதும் முதல் வேலையாக மார்ஜின் போட ஆரம்பித்தேன். நாற்பது பக்கம்.

"அது என்ன சத்தம்ணே, சர்ரு சர்ருன்னு?"

"கோடு போடுதேன்மா. பாக்கிறதுக்கு லட்சணமா இருக்கணும்லா."

"கேள்வியை வாசிங்கண்ணே, நேரம் போவுது."

வாசித்தேன். அவள் மடை திறந்த மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். நான் ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கினேன். அவள் நாலு வரி தள்ளிப் போயிருப்பாள், நான் 'ஞா'வுக்குச் சுழி போட்டுக்கொண்டிருப்பேன். "பைய, பைய" என்பேன். அவள் நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். தலைப்பெல்லாம் கறுப்பில், அடியில் இரட்டைக் கோடு. மேற்பார்வை அம்மா எட்டிப் பார்த்து, "என்ன அழகான எழுத்து தம்பி!" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறம் எனக்கு இன்னும் வேகம் குறைந்துவிட்டது. சுற்றிப் பார்க்க ஆள் இருந்தால் தேர் மெதுவாகத்தானே போகும்?

நாலு மணி நேரத்தில் மூன்றேகால் மணி நேரம் போனபோது இரண்டு பெரிய கேள்வி பாக்கி இருந்தது. இசக்கியின் நெற்றியெல்லாம் வியர்வை.

"அண்ணே, அடிக்கோடெல்லாம் வேண்டாம்ணே. எழுத்து புரிஞ்சாப் போதும்."

"கையெழுத்துக்கே அஞ்சு மார்க் உண்டும்மா" என்றேன் நான். இந்தப் பதிலை இன்று நினைத்தாலும் என்னை நானே ஓங்கி அறையலாம் போலிருக்கிறது.

ஒரு பெரிய கேள்வியை எப்படியோ முக்கால்வாசி முடித்தோம். கடைசிக் கேள்வி பாண்டியர் காலத்து நீர்ப்பாசனம். தனக்கு நன்றாகத் தெரிந்தது என்று அவள் கடைசிக்கு வைத்திருந்த கேள்வி அது. ஆற்றையும் கால்வாயையும் பக்கத்திலேயே வைத்து வளர்ந்தவள், குளம், மதகு, கலிங்கு என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். மணி அடித்தது. அவள் பேச்சை நிறுத்தினாள்.

"எதுவரைக்கும் வந்திருக்கிய?"

"தலைப்பு."

இசக்கி மெதுவாகக் கேட்டாள், "கோடு போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா."

வெளியே வந்ததும் பேச்சியம்மாள் ஓடிவந்து, "ஏட்டி, நல்லா எழுதுனியா?" என்றாள். இசக்கி, "அண்ணன் ரொம்ப அழகா எழுதுனாவம்மா" என்றாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாலு பேப்பரில் நல்ல மார்க். என் பேப்பர் பெயில். நாலே நாலு மார்க்கில் போயிற்று. விடுதிக்காரர்கள் சொன்ன சொல்லில் நின்றுவிட்டார்கள். 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று கடிதம் வந்தது. அதையும் என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள்.

விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கியபோது பேச்சியம்மாள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"யம்மாடி! முத்து முத்தா எழுதியிருக்கிய தம்பி. இதையா பெயிலாக்கியிருக்கான்? எந்த வாத்தியான் அவன்? கட்டையில போவான்! அவன் கை வெளங்குமா?"

நான் இசக்கியைப் பார்த்தேன். இப்போதாவது போட்டு உடைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவள் திறக்காததற்குக் காரணம் நல்ல மனசு, நான் திறக்காததற்குக் காரணம் பயம்.

அதற்கப்புறம் ஒரு வருஷம். காலையில் ஷட்டரைத் தூக்கினால் எதிரே மரத்தடியில் பேச்சியம்மாள். மழையில் என் கடை ஓரமாக வந்து ஒதுங்குவாள். டீ வாங்கிக் கொடுப்பேன். ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, "நாத்து நடவு போச்சு, களையெடுப்பும் போச்சு. அந்த வாத்தியான் கையில கரையான் அரிக்க" என்பாள். நான் ஜெராக்ஸ் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொள்வேன். எத்தனையோ நாள், 'அத்தை, அது நான்தான்' என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்து, "இன்னொரு டீ சொல்லட்டா?" என்று மாறிப் போனது.

மறுபரீட்சைக்கு நான் அந்தப் பக்கமே போகவில்லை. கோழி கிண்டிய கையெழுத்துப் பிள்ளைதான் எழுதியது. எழுபத்தெட்டு மார்க். அடுத்த வருஷம் விடுதியில் இடம் கிடைத்து, பேச்சியம்மாள் மரத்தடியை விட்டு எழுந்தாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருந்த தைரியத்துலதான் தம்பி இங்கன உக்காந்திருந்தேன்" என்றாள். அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டேன்.

ஒன்பது வருஷம் ஆயிற்று. இசக்கி இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று டீச்சர். கல்லூரிக்குப் போகிற கண் தெரியாத பிள்ளைகளை என்னிடம் அனுப்புவாள். எழுத ஆள் பிடித்துக் கொடுப்பேன், வேகம் இருக்கிறதா என்று கடிகாரத்தை வைத்துச் சோதித்த பிறகு. நான் யாருக்கும் எழுதுவதில்லை. எனக்கு வலது மணிக்கட்டில் அடிக்கடி வலி வேறு. டாக்டர் நரம்பு என்கிறார். விஷயம் தெரிந்த என் பெண்டாட்டி, "பேச்சியத்தை விட்ட சாபம்லா, தைலத்துக்கா கேக்கும்?" என்பாள். பிள்ளைகள் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

போன மாதம், ஜனவரியில், பேச்சியம்மாள் போனில் கூப்பிட்டாள். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்களாம்.

"மொத நோட்டுல புள்ளை பேரை நீங்கதான் எழுதித் தரணும் தம்பி. உங்க கைராசி வேற யாருக்கு வரும்?"

இன்றைக்காவது சொல்லிவிடுவோம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து இசக்கியின் குரல் கேட்டது.

"நோட்டை இப்பவே கொடுத்து அனுப்பும்மா. பள்ளிக்கூடம் தொறக்க அஞ்சு மாசந்தான் இருக்கு."