முசரவாக்கத்து மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த நற்சான்றிதழ்

முகம் தெரியாத ஒருவரின் கல்யாணத்தை நான் ஏறக்குறைய நிறுத்தியிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது.

என் அப்பா டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக அவருக்கு மறதி நோய். சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை, நான் யார் என்கிற மறதி. சில நாள் நான் மகன், சில நாள் செக்கிங் இன்ஸ்பெக்டர். (இன்ஸ்பெக்டராக இருக்கும் நாட்களில்தான் எனக்கு மரியாதை.) முசரவாக்கத்தில் இதற்கு யாரிடம் போவது? மந்திரிக்கச் சொன்னவர்கள் நாலு பேர், வல்லாரைக் கீரை கொடுக்கச் சொன்னவர்கள் நாற்பது பேர். வீட்டில் எல்லோரும் வல்லாரை தின்று, அப்பாவைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஞாபகசக்தி கூடியதுதான் மிச்சம்.

அப்போதுதான் அந்த நோட்டீஸ் கிடைத்தது. மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு ஆலோசனைக் கூட்டம், காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் ஒரு கல்யாண மண்டபத்தில். வயரிங் வேலைக்கு லீவு போட்டு, அப்பாவுக்குச் சலவைச் சட்டை மாட்டி, ஆட்டோவில் போய் இறங்கினேன்.

வாசலில் வாழைமரம். உள்ளே நாதஸ்வரம். தாம்பாளங்களில் ஆப்பிள், ஆரஞ்சு. சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? சிறப்பு விருந்தினர் பெரிய ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவையில் இருந்தார்கள். காஞ்சிபுரத்தில் அதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? இரண்டு பெண்கள் அப்பாவைக் கைபிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். என் கையில் கேசரி வந்தது. இவ்வளவு அக்கறையான முகாமை நான் பார்த்ததே இல்லை.

சட்டைப்பையில் பேனா செருகியிருந்த ஒருவர் பக்கத்தில் வந்து, எந்த ஊர் என்று கேட்டார். முசரவாக்கம் என்றேன். சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நல்லதா போச்சு. உங்களாண்டதான் கேக்கணும். மறைக்காம சொல்லுங்க, ஆளு வீட்ல எப்படி இருக்கறாரு?”

மூன்று வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இவர்தான் டாக்டர் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் கொட்டினேன். குளிக்கக் கூப்பிட்டால் அடிக்க வருகிறார் என்றேன். சாப்பிட்ட கை காய்வதற்குள் தெருவில் போய், சோறே போடவில்லை என்று சொல்கிறார் என்றேன். வேட்டி இடுப்பில் நிற்பதில்லை, அது அவருக்குத் தெரிவதும் இல்லை என்றேன். எதிரே வருகிறவர்களிடம் டிக்கெட் கேட்பதையும் சொல்லாமல் விடவில்லை.

பேனாக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“வேலைக்குப் போறாருன்னு சொன்னாங்களே?”

“அவரா? வாசல்ல தாழ்ப்பாள் போட்டு வெச்சிக்கினு இருக்கோம் சார். இனிமே கூடவே ஒருத்தர் இருந்து பாத்துக்கணும். அதுக்குத்தான் இங்க ஏற்பாடு நடக்குதுன்னு வந்தேன்.”

அவர் எழுந்து நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்னார். மேடையில் படிக்கவிருந்த லக்னப் பத்திரிகையை வாங்கி மடித்தார். அவர் பெண்ணுக்குத் தாய்மாமன். நடந்துகொண்டிருந்தது நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஆறு மாதத்துக்கு முன் எங்கள் ஊருக்குக் குடிவந்தவர்கள். ஊர்க்காரன் ஒருவனிடம் விசாரிக்கலாம் என்று வந்தவருக்கு நான் வாய்த்தேன்.

இரண்டு வீட்டாரும் எழுந்து சத்தம் போட்டார்கள். பெண்ணின் அம்மா அழுதார். மாப்பிள்ளை, பாவம், என்ன குற்றச்சாட்டு என்று அரைகுறையாகக் காதில் விழுந்ததும் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப்போக வழி பார்த்தேன். ஆனால் அப்பா முன்வரிசையில் இல்லை. கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தார்.

“உள்ள போ, உள்ள போ. படியில நிக்காத.”

நாற்பது வருடம் கூட்டத்தை அடக்கிய குரல். இரண்டு வீட்டாரும் தங்களையறியாமல் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நின்றிருந்தவர் தாய்மாமன் மட்டும்தான். அப்பா அவரிடம் கையை நீட்டி டிக்கெட் கேட்டார்.

தாய்மாமன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “நீங்க சொன்ன ஆளு...”

“இவருதான் சார். எங்கப்பா.”

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் அக்கா. அவர் கிராம சுகாதார செவிலியர். என் கையிலிருந்த நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். கூட்டம் முந்தின நாளே முடிந்துவிட்டதாம், அவரே அதில் இருந்தாராம். மறதி நோய்க் கூட்டத்துக்குத் தேதியை மறந்துவிட்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். நான் அந்தக் கேசரியைப் போலவே சிவந்துபோனேன்.

அவர் எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. பந்தியில் உட்கார மறுத்த அப்பாவிடம், டிப்போவில் சாப்பாட்டு நேரம், வண்டி அரை மணி கழித்துத்தான் என்று சொன்னார். அப்பா மறுபேச்சில்லாமல் உட்கார்ந்தார். நான் மூன்று வருடமாக, “நீ இப்ப கண்டக்டர் இல்லப்பா” என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தவன். பாயசம் வருவதற்குள் இன்னும் சில விஷயம் சொன்னார்: தாழ்ப்பாளைக் கண்ணில் படாத உயரத்தில் போடுவது, சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிவைப்பது, அரசு மருத்துவமனையில் இதற்கான டாக்டரை எந்தக் கிழமை பார்க்கலாம் என்பது. பக்கத்து ஊரான கூரத்தில் இதே நோயுள்ள மாமியாரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாவின் நம்பரையும் கொடுத்தார். சுற்று வட்டாரத்தில் இப்போது எங்களைப் போல ஒன்பது குடும்பம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். முடியாத நாளில் ஒருவருக்கொருவர் போன் செய்து அழவும் செய்கிறோம், சிரிக்கவும் செய்கிறோம்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தால் இன்றைக்கும் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். காரணம் அவர் மனைவி. வேலையிலிருந்து வரும்போது மாப்பிள்ளை பால் பாக்கெட் வாங்க மறந்துவிட்டால், அந்தம்மா கோபிப்பதே இல்லை. அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி ஒன்றே ஒன்று சொல்வார்:

“மண்டபத்துலயே ஒருத்தர் சொன்னாரு. நாங்கதான் கேக்கல.”