இடைத்தேர்தல் தோல்வியும் தீபாவளி வடையும்

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
6-12-1998

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் நஞ்சப்பன் அவர்களுக்கு, குமாரசாமி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் தங்கை நாகமணியும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, அது முழு உண்மைதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உடம்பளவில் நலம் என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். வான்மதி என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்துவைக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. பெற்ற மகள் பேசாத வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை. இதற்கெல்லாம் காரணம் ஓர் இடைத்தேர்தல் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

இங்குள்ள தமிழ்ச் சங்கத்துக்கு நம் மாப்பிள்ளை பசுபதிதான் தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். நிர்வாகிகளுக்கு இரண்டு வருஷப் பதவிக்காலம். ஆனால் இந்த நாட்டைப் பார்த்து, நடுவில் ஒரு பொங்கலன்று பாதிப் பதவிகளுக்குத் தேர்தல் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மிட்டெர்ம் என்று பெயர். தீபாவளி விழாவில் மாப்பிள்ளை கணக்குப்போட்டுச் சொல்லிவைத்த வடை பாதிப் பேருக்கு மேல் எட்டவில்லை. கைக்குழந்தையோடு வரிசையில் நின்றவர்களெல்லாம் வெறும் தயிர்சாதத்தோடு வீடு திரும்ப, வசவு தாங்காமல் பொருளாளர் ராஜினாமா செய்துவிட்டார். அந்தக் காலியிடத்துக்குத்தான் இடைத்தேர்தல். எங்கள் அணிக்கு வான்மதி, எதிரணிக்கு ராமசுப்ரமணியன் என்று சென்னைக்காரர் ஒருவர். ஓட்டு இல்லாத ஆள், ஊரில் எலெக்‌ஷன் டூட்டி பார்த்த ஆள் என்று இரு தரப்பும் சேர்ந்து என்னைத் தேர்தல் அலுவலராக்கிவிட்டார்கள். மருமகன் தலைவர், மகள் வேட்பாளர், மாமனார் தேர்தல் அலுவலர். நம் ஊராக இருந்தால் பத்திரிகைக்காரன் சும்மா விடுவானா? அந்தப் பயத்திலேயே நான் அளவுக்கு மீறிக் கறாராக இருந்துவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூடக் கூடம். ஓட்டுப்பெட்டி, குழந்தைகள் டயப்பர் வந்த அட்டைப்பெட்டி. அரக்கு கிடைக்காமல் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை உருக்கிச் சீல் வைத்தேன். அழியாத மைக்குப் பதில் மார்க்கர் பேனா. அது அழியாததுதான் என்று மறுநாள் ஆபீஸ் போனவர்கள் போன் போட்டுச் சொன்னார்கள். மச்சான், அந்த மெழுகு வாசனையில் எனக்கு நாம் கடம்பூர் மலையில் பார்த்த தேர்தல் வேலை ஞாபகம் வந்துவிட்டது. லாரியில் பெட்டிகளோடு பெட்டிகளாக நாம் ஏறிப்போனது, பெட்ரோமாக்ஸ் அணைந்தபோது உங்கள் டார்ச்சில் சீல் வைத்தது, ஓட்டுப் போட வந்த ராமாத்தாள் அம்மாள் நம் முகத்தைப் பார்த்துவிட்டுக் களியும் கீரையும் கொண்டுவந்தது, எந்த வேட்பாளரைச் சேர்ந்தவள் என்று தெரியாமல் சாப்பிடலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் நீங்கள் இரண்டாம் உருண்டைக்குப் போனது. அன்றைக்கு நமக்கு ஒரு பயமும் இல்லை. விதி எழுதியிருந்தது, அதைச் செய்தோம். இருட்டிய பிறகு பெட்டியின் மேலேயே தலை வைத்துத் தூங்கினோம்.

அதே விதிப்படிதான் இங்கும் செய்தேன். ஓட்டுப்பதிவு முடியும் மணி ஐந்தானதும், அதற்குள் வந்துவிட்டவர்களுக்கு மட்டும் வரிசையின் கடைசி ஆளிடமிருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டு வர வேண்டுமல்லவா? சீட்டுகளோடு வெளியே போனேன். வரிசையில் ஒருத்தரும் இல்லை. ஆனால் ரோட்டிலிருந்து பார்க்கிங் இடத்துக்குள் திரும்ப விளக்குப் போட்டபடி கார்கள் வரிசையாக நின்றன. எல்லாம் நம் அணி. உள்ளேயிருந்து கையை ஆட்டினார்கள். கார்களின் வரிசை வாக்காளர் வரிசையா என்று ஒரு நிமிஷம் தவித்தேன். புத்தகத்தில் அப்படி ஒன்றும் படித்த ஞாபகம் இல்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டேன். சொற்ப ஓட்டில் வான்மதி தோற்றாள்.

மாப்பிள்ளை என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "மாமா, இங்க எந்தத் தமிழன் டைமுக்கு வந்திருக்கான்? நானே எல்லாருக்கும் போன் பண்ணி, மூணு மணின்னு போட்டிருக்கு, அஞ்சுக்கு வந்தாப் போதும்னு சொல்லியிருந்தேன்" என்றார், அழாத குறையாக. எதிரணிக்காரர்கள் மட்டும் எப்படி மூன்று மணிக்கே வந்தார்கள் என்று விசாரித்தேன். தீபாவளியன்று லேட்டாக வந்து வடை கிடைக்காதவர்களாம். இந்தத் தடவை முதல் ஆளாக வந்துவிட்டார்கள். உங்கள் தங்கை, "வீட்டுக் கதவை ஒருநாளாச்சும் ஒழுங்காப் பூட்டியிருப்பாரா? அமெரிக்காவுல வந்து பூட்டியிருக்காரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

இனிமேல்தான் சிக்கல். இந்தத் தோல்விக்கு என்ன பொருள், பொங்கல் மிட்டெர்மில் அணி தேறுமா என்று மாப்பிள்ளை தினமும் என்னைக் கேட்கிறார். உட்கார்ந்து யோசித்தேன். நம் ஊரில் இடைத்தேர்தல் என்றால் மந்திரிகளெல்லாம் அங்கேயே முகாம் போட்டு, பெரும்பாலும் ஆளுங்கட்சியை ஜெயிக்க வைத்துவிடுவார்கள். அதில் ஆளுங்கட்சியே தோற்றால் சனங்களுக்குக் கோபம் என்று அர்த்தம். ஆனால் ஓட்டுப்போட வந்தவர்கள் கொஞ்சம் பேர் என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இங்கே இரண்டும் பொருந்துகிறது. தோல்விக்குக் காரணம் நான் சாத்திய கதவு என்றால், பொங்கலுக்குக் கதவைத் திறந்து வைத்தால் போதும், அணி தப்பிக்கும். காரணம் வடை என்றால் நான் குற்றமற்றவன், ஆனால் அணி தொலைந்தது, மாப்பிள்ளைதான் காரணம். மருமகன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? கடைசியில், "கதவுதானுங்க மாப்பிள்ளை, எல்லாம் என்னாலதான், பொங்கலுக்குக் கவலையே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த வான்மதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ஆகவே டிக்கெட்டை முன்னாலேயே மாற்றிக்கொண்டு இந்த மாசமே புறப்படலாம் என்றிருக்கிறேன். நீங்கள் சிரமம் பார்க்காமல் கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு வந்தால் ஆறுதலாக இருக்கும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லோரும் நல்லபடியாக, காலாகாலத்தில் எல்லாம் கிடைத்து வாழ வேண்டும் என்று நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குமாரசாமி

பி.கு: மேலே எழுதியதை அடித்துவிட்டு வேறு கடிதம் எழுதத் தாள் இல்லை. கவரை ஒட்டும்போது வான்மதி பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசினாள். "கதவு தொறந்திருந்தாலும் தோத்துத்தானுங்கப்பா போயிருப்பேன். கார்ல வந்தவங்கள்ளயே பாதிப் பேருக்கு வடை கிடைக்கல. அதை அவருகிட்டச் சொன்னா ஒடைஞ்சு போயிருவாரு. பழி உங்க மேல இருந்தா வீடு நிம்மதியா இருக்குமேன்னுதான் பேசாம இருந்தேன்" என்றாள். பிறகு, ராமசுப்ரமணியன் வந்து கேட்டதால் பொங்கலுக்கு அவர்கள் அணியில் நிற்க ஒப்புக்கொண்டுவிட்டதாகவும், நான்தான் தேர்தல் அலுவலராக இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். ஆகவே நீங்கள் விமான நிலையத்துக்கு வர வேண்டாம். மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது. அப்பா வாயால் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாராம். இன்று சாயங்காலம் என்னையே சொல்லச் சொல்லியிருக்கிறாள்.